அனுபவம் இல்லாத செவிலிக்கு முதல் வேலை
(திருச்செந்தூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் சாதனைகளை எடுத்துரைப்பதே மரபு. அப்பணியை நமக்கு முன் பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். நம் சங்கத்தின் உதவியால் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் ஆசிரியராயினர், எத்தனை பேர் வங்கியில் அமர்ந்தனர் என்பனவெல்லாம் கூறப்பட்டன. நமக்குச் செயலாளர் இட்ட பணி வேறு. செவிலியர் படிப்பையும் வெளிநாட்டு வேலையையும் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு மருத்துவமனையைப் பற்றி என்ன தெரியும் என்று தாங்கள் எண்ணலாம். சான்றிதழ் நகல்களில் பச்சை மையால் கையொப்பமிடும் பொறுப்பு நமக்கு உண்டு. அந்தப் பேனாவின் வழியாகவே இப்பொருள் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

நம் பகுதிப் பெண்கள் செவிலியர் தொழிலை அறிந்தது இன்று நேற்றன்று. நாசரேத்தில் மருத்துவமனை தோன்றிய ஆண்டு 1870. வெள்ளுடை அணிந்து நோயாளியருகே நிற்கும் பெண்ணைக் கிராமத்தார் முதலில் கண்டது அத்தகைய மிஷன் மருத்துவமனைகளில்தான். செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம் சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. வேலூரில் 1946இல் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கிற்று. தம்மை உயர்ந்தோராகக் கருதிய வீட்டார் நெடுங்காலம் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கினர். பிறர் புண்ணையும் கழிவையும் தொட வேண்டும் என்பதே அவர்கள் கூறிய குறை. தொடக்கூடாதவர் என ஒதுக்கப்பட்ட வீட்டிலிருந்து சென்ற பெண்ணோ, எவருடைய நாடியையும் தொட்டுப் பார்க்கும் உரிமை பெற்றாள். 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று படுக்கையிலிருந்தபடியே விசாரிக்கும் நோயாளிகள் இன்றும் உளர் என்று நம் பெண்கள் கூறுகின்றனர். வலி மிகும்போது விசாரணை நின்றுவிடுகிறதாம்.

ஆதலால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை எதில் சேர்க்கலாம் என்று பெற்றோர் வந்து கேட்கும்போதெல்லாம், "நர்சிங் படிக்கட்டும், படித்தால் வேலை உறுதி" என்று நாமே சொல்லி வந்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்திருக்கிறோம். அச்சொல்லின் பிற்பாதி பொய் என்று நமக்கு உணர்த்தியவர் குரும்பூர்ப் பக்கத்து வாழைத் தோட்டக் கூலித் தொழிலாளி ஒருவர். நம்மிடம் படித்த பெண்ணின் தந்தை. ஒரு நாள் மாலை பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க சொன்னியன்னுதான் நாலு வருசம் படிக்க வச்சேன். இப்பம் வேலைக்குப் போனா அனுபவம் இருக்கான்னு கேக்கான். வேலயே குடுக்காம அனுபவம் எங்கெருந்துய்யா வரும்?"

நம்மிடம் விடை இல்லை. முப்பதாண்டு கேள்வி கேட்டே பழகிய நமக்கு, அன்று ஒரு கேள்வி முன்னே வந்து நின்றது. விடை தேடப் புறப்பட்டதில் அறிந்தவற்றையே இப்போது உங்கள்முன் வைக்கிறோம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 59 லட்சம் செவிலியர் குறைவாக இருப்பதாகக் கணக்கிட்டது. 2018ஆம் ஆண்டு நிலைமை அது. முகவர்கள் இத்தகைய எண்களைத் தட்டியில் எழுதி ஊர் ஊராக வைக்கின்றனர். உலகில் இத்துணைப் பற்றாக்குறை இருக்க, நம் தெருப் பெண்ணுக்கு ஏன் ஓர் இடம் இல்லை? பற்றாக்குறை என்பது தேர்ந்த கைகளுக்குத்தான். தேர்ச்சி பெற வேண்டிய கைகளுக்கு அன்று. வெளிநாட்டு மருத்துவமனை தன் நாட்டில் படித்து வந்த புதிய செவிலியை அருகிலிருந்து பழக்கிக்கொள்ளும். நம் பெண் அங்கே 'வெளிநாட்டில் பயின்றவள்'. அவள் படித்த கல்லூரியை அவர்கள் அறியார். பயிற்சி பெற்ற மருத்துவமனையை அறியார். அவள் பேச்சும் முதலில் விளங்காது. இத்தனை அறியாமைக்கும் ஈடாக அவர்கள் கேட்கும் ஒன்றே அனுபவம்.

இங்கே பெற்றோர் பெரும்பாலும் குழம்பிவிடும் இடம் ஒன்று உண்டு. அந்நாட்டின் செவிலியர் மன்றத்தில் பதிவு பெறுவது வேறு. அந்நாட்டு மருத்துவமனையில் வேலை பெறுவது வேறு. அமெரிக்காவுக்குரிய என்கிளெக்ஸ் தேர்வைப் படிப்பு முடித்த பெண் நம் நாட்டிலேயே எழுதலாம். தேர்வு எழுதுவதற்கு அனுபவம் வேண்டியதில்லை. ஆனால் அழைத்துச் செல்லும் மருத்துவமனை அனுபவம் கேட்கும். அதன்பின் இந்தியருக்குக் குடியேற்ற விசா கிடைக்கப் பல்லாண்டு வரிசையில் நிற்க வேண்டும். பிரிட்டனின் மன்றம் முன்பு ஓராண்டுப் பணியை எதிர்பார்த்தது. பின்னர் அவ்விதியைக் கைவிட்டது. விதி போயிற்றே என்று மகிழ்ந்தவர்கள், மருத்துவமனைகளின் விளம்பரத்தில் அதே நிபந்தனை வேறு சொற்களில் இருக்கக் கண்டனர். அண்மையில் அந்நாடு வெளிநாட்டுச் செவிலியரைச் சேர்ப்பதையே பெரிதும் குறைத்தும்விட்டது. வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு கேட்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கான உரிமத்துக்குப் புரோமெட்ரிக் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழ்கள் அனைத்தும் வழங்கிய இடத்திலேயே சரிபார்க்கப்படும். செருமனி மட்டும் அனுபவத்தைவிட மொழியை முதலில் கேட்கிறது. செருமன் மொழியில் தேறி அங்கே சென்றாலும், அந்நாடு நம் படிப்பை முழுதாக ஏற்கும்வரை உதவியாளர் நிலையில்தான் பணியாற்ற வேண்டும்.

செருமனி என்றதும் ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வருகிறது. 1960களில் கேரளத்து இளம்பெண்கள் பலர் திருச்சபையின் வழியாக அங்குச் சென்று, அந்நாட்டிலேயே செவிலியர் பயிற்சி பெற்று அந்நாட்டு மருத்துவமனைகளில் பணியாற்றினர். அவர்களுக்கு 'அனுபவம் உண்டா' என்ற கேள்வி எழவில்லை. படிப்பும் பழக்கமும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன. 1970களின் பிற்பகுதியில் அவர்களுள் பலரை, 'இனித் தேவையில்லை, திரும்புக' என்றனர். இதனையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. அழைப்பதும் அனுப்புவதும் அவர்கள் தேவையைப் பொறுத்தவை.

இனிப் பச்சை மைக் கதைக்கு வருவோம். இதனைச் சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இம்மேடையில் பேசும் தகுதி நமக்கு இராது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவி ஒருத்தி நகல்களுக்குச் சான்று வாங்க வந்தாள். பள்ளிச் சான்றிதழ், பட்டம், மன்றப் பதிவு, இவற்றோடு ஒரு மருத்துவமனையில் இரண்டாண்டு பணியாற்றியதாக ஓர் அனுபவச் சான்றிதழ். அவள் கல்லூரி முடித்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும். அவள் படித்த ஆண்டு நமக்குத் தெரியும். தெருவில் பார்த்த நாட்களும் தெரியும். மூலமும் நகலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே நம் கடமை என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கையொப்பமிட்டோம். 'நல்லா இரு, தாயீ' என்று வாழ்த்தியும் அனுப்பினோம்.

அச்சான்றிதழை ஒரு முகவர் நாற்பதாயிரம் ரூபாய்க்கு விற்றிருந்தார். சரிபார்க்கும் நிறுவனம் அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டது. 'இப்பெயரில் எவரும் இங்குப் பணியாற்றியதில்லை' என்று விடை வந்தது. அந்நாட்டு உரிமம் மறுக்கப்பட்டது. பொய்ச் சான்று கொடுத்தவர் என்ற குறிப்பு அவள் பெயரோடு நின்றுவிட்டது; பின்னர் உண்மையாகவே வேலை செய்து ஈட்டிய அனுபவத்தைக் காட்டச் சென்றபோதும் அக்குறிப்பே முதலில் எழுந்தது. அவள் தாயின் காதணி அடகுக் கடையிலேயே மூழ்கிப்போயிற்று. முகவர் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டார். நம் கையொப்பத்தைப் பற்றி எவரும் நம்மைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அதுவே நமக்கு ஆறவில்லை.

ஆகவே வாழைத் தோட்டத்துத் தந்தை வந்தபோது, அவர் கையிலும் அதே போன்றதொரு தாள் இருக்குமோ என்று அஞ்சினோம். இருந்தது. இம்முறை விலை அறுபதாயிரம், பாதி கொடுத்தாயிற்று. நாம் பேனாவைத் திறக்கவில்லை. கொடுத்த முப்பதாயிரம் போகட்டும், பெண்ணை அழைத்து வாருங்கள் என்றோம். அவர் நம்மை எதிரியாகப் பார்த்தபடி சென்றார். மறுநாள் பெண் மட்டும் வந்தாள்.

அவளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் எத்தனை மருத்துவமனைப் படிகளை ஏறினோம் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஓரிடத்தில் மூலச் சான்றிதழ்களை ஒப்படைத்தால்தான் வேலை என்றனர். இரண்டாண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் எனப் பிணைமுறி கேட்டனர். சான்றிதழைக் கொடுத்துவிட்டு அதனை மீட்க அழுத பெண்களை நாம் அறிவோம். ஆதலால் வேண்டாம் என்று எழுந்து வந்தோம். இன்னோரிடத்தில் ஆறு மாதம் 'பழகுநர்' என்று ஊதியமே இல்லை. கடைசியாகக் கிடைத்தது நூறு படுக்கைக்கு மேல் உள்ள ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஊதியம் மாதம் ஒன்பதாயிரம். விடுதிக்கும் உணவுக்கும் ஆறாயிரம் போய்விடும்.

இந்த ஊதியம் சட்டத்தின் கண்ணில் படாததன்று. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்து 2016இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்றும், இருநூறுக்கு மேற்பட்டால் அரசுச் செவிலியருக்கு நிகராக வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்துச் செவிலியர் போராடி, 2018இல் அங்கே இருபதாயிரம் என்பதை அரசாணையாகவே பெற்றனர். நம் பக்கத்தில் நாம் ஏறிய படிகளில் பரிந்துரையைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்கள்.

ஆயினும் அவ்வேலையில் அவளைச் சேர்த்தோம். ஏனெனில் அனுபவம் என்று வெளிநாட்டார் ஏற்பதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. மன்றத்தில் பதிவு பெற்ற நாளுக்குப் பின் செய்த பணியே கணக்கில் சேரும். மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையைக் கேட்பார்கள்; பத்துப் படுக்கை உள்ள சிறு மருத்துவமனையில் ஐந்தாண்டு உழைத்தவளைவிட, பெரிய இடத்தின் தீவிர சிகிச்சையிலோ அறுவை அரங்கிலோ இரண்டாண்டு நின்றவளையே தேர்வர். ஊதியம் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் வருவது நல்லது, அதுவே சாட்சி. பணியேற்ற நாள், விலகிய நாள், பிரிவு ஆகியவை கடிதத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். கேட்டு எழுதும் மடலுக்கு விடையளிக்க அங்கே ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். உண்மையாக உழைத்தும், மருத்துவமனை விடை எழுதாத ஒரே காரணத்தால் சரிபார்ப்பு முடங்கியவர் உண்டு. அரசுப் பணியும் மிக நல்ல அனுபவமே. 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. ஒப்பந்தமும் தொகுப்பூதியமும் ஆனாலும், அறிவிப்பு வரும்போதெல்லாம் நம் பெண்கள் எழுத வேண்டும்.

அப்பெண் இரண்டாண்டும் அங்கே நின்றாள். அந்த இரண்டாண்டு எப்படிக் கழிந்தது என்பதில்தான் நம் சங்கத்துக்கு நாம் சொல்ல வந்த செய்தி உள்ளது.

படிக்கும் காலத்தில் அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது. நம் சங்கம் புத்தகத்துக்கும் சீருடைக்கும் கொடுத்தது. வங்கிக் கடனும் இருந்தது. பட்டம் கையில் வந்த நாளில் உதவித்தொகை நின்றது. சங்கத்தின் விதிப்படி நம் உதவியும் நின்றது. படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் வங்கி கடன் தவணையைக் கேட்டது. வெளிநாட்டான் கேட்பது இரண்டாண்டு அனுபவம். வங்கி பொறுப்பது ஓராண்டு. இடையில் உள்ள ஓராண்டை யார் சுமப்பது? அவள் வீட்டில் தாயின் மகளிர் குழுக் கடன் சுமந்தது. தம்பி பதினோராம் வகுப்பை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடிக்கு உப்பளத்து வேலைக்குப் போனான். அவனும் நம் மாணவனே. அந்தப் பெயர்ப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதியதும் நம் கைதான்.

நம் ஊர்க் குளங்களுக்குத் திருவைகுண்டம் அணையின் தென்காலிலிருந்து தண்ணீர் வருவதைத் தாங்கள் அறிவீர்கள். கடம்பாகுளம் நிறைந்துவிட்டது என்ற செய்தி கேட்டுக் கடைமடைக்காரன் நாற்றுப் பாவிவிடுவதில்லை. நம் உதவியோ இருபத்தைந்தாண்டாகக் கடம்பாகுளத்தோடு நின்று வருகிறது.

கள்ள முகவர்கள் தழைப்பதும் இந்த வறண்ட ஓராண்டில்தான். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் போரின் நடுவே சிக்கினர். ஜூலை 5ஆம் நாள் கொச்சியில் வந்திறங்கினர். ஏறத்தாழ அனைவரும் கேரளத்தவர். ஒருவர் நம் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். குண்டு விழும் ஊரிலிருந்து திரும்பச் சிலர் தயங்கினர் என்று செய்தித்தாளில் படித்தபோது, 'இது என்ன அறியாமை' என்று ஆசிரியர் அறையில் நாமும் பேசினோம். படிப்புக் கடன் ஒருபுறம், முகவருக்குக் கொடுத்த கடன் ஒருபுறம், வராத சம்பளம் ஒருபுறம் என நின்ற பெண்ணின் கணக்கு அன்று நமக்கு விளங்கவில்லை. மறு ஆண்டில் கொச்சி நிறுவனம் ஒன்றின்மீது வழக்குப் பதிவாயிற்று. குவைத்துக்குச் செல்லும் செவிலியரிடம் 19,500 ரூபாய் பெற வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் பெற்றதாகக் குற்றச்சாட்டு. இரண்டு சுழி கூடுதல், அவ்வளவுதான். அந்த 2015ஆம் ஆண்டில்தான், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர் அரசு அமைப்புகள் வழியே செல்ல வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நம் மாநிலத்தில் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, சென்னையில் உள்ளது. தாட்கோவும் அண்மையில் நம் செவிலியருக்குச் செருமன் மொழிப் பயிற்சியை அறிவித்தது. முகவர் எவரேனும் வந்தால் அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் பதிவில் உண்டா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிடில் பள்ளிக்கு வாருங்கள். கணினி இருக்கிறது, நாமும் இருக்கிறோம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனுக்குச் செல்வோர் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஒன்றில், ஒரு நோயாளியின் நிலையை விளக்கி மற்றொரு மருத்துவப் பணியாளருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். நாம் ஆங்கிலமும் கற்பித்தவர்கள். நம் பிள்ளைகள் 'பசு' என்னும் கட்டுரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அந்தப் பசுவுக்குக் காய்ச்சல் என்று கால்நடை மருத்துவருக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் விழிப்பார்கள். குறை பிள்ளைகளுடையதன்று.

வெள்ளி விழா நினைவாக நுழைவு வளைவு ஒன்று கட்டச் செயற்குழு தீர்மானித்திருப்பதாக அறிகிறோம். திரட்டிய நிதியும் கணிசமானது என்கிறார்கள். நம்மைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த நிதியைப் படிப்பு முடித்த செவிலியரின் முதல் இரண்டாண்டுக்கு வைப்பாக வைக்குமாறு வேண்டுகிறோம். இலவசமாக வேண்டியதில்லை. விடுதிச் செலவையும் இரண்டாம் ஆண்டின் வங்கித் தவணையையும் வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். நல்ல ஊதியம் வந்தபின் திருப்பட்டும், திரும்பிய பணம் அடுத்த பெண்ணுக்குப் போகட்டும். ஒரு நிபந்தனை மட்டும் போதும்: வாங்கிய அனுபவச் சான்றிதழ் காட்டுவோருக்கு உதவி இல்லை. வெளிநாடு செல்லாமல் இங்கேயே அரசுப் பணியில் அமர்ந்தாலும் உதவி உண்டு. வளைவு வேண்டும் என்போர் பொன் விழாவில் கட்டிக்கொள்ளலாம்.

அப்பெண் இப்போது சவூதி அரேபியாவில் தம்மாம் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறாள். சென்ற முதல் மூன்று மாதம் அவளைத் தனியே விடாமல் மற்றொருவர் அருகில் நின்று கண்காணித்தார்களாம். "இரண்டு வருசம் அனுபவம் இருந்தும் புதுப் பிள்ளை மாதிரிதான் பார்த்தாங்க சார், ஆனா எந்திரத்தைத் தொட்டதும் கை தானா வேலை செஞ்சுது" என்று தொலைபேசியில் கூறினாள். தம்பியை மீண்டும் பள்ளியில் சேர்க்க இயலுமா என்றும் கேட்டாள். அவனுக்கு வயது இருபதாகிவிட்டது. தனித்தேர்வராக எழுத ஏற்பாடு செய்திருக்கிறோம். அவள் தந்தை அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போது நம்மோடு பேசுகிறார்.

இவ்வாண்டு நம் சங்க உதவியில் செவிலியர் படிப்பை முடிப்போர் நால்வர். இருவர் பட்டப் படிப்பு, இருவர் பட்டயப் படிப்பு. அவர்கள் பெயரும் ஊரும் வங்கிக் கடன் விவரமும் எழுதிய தாளைச் செயலாளரிடம் இப்போது ஒப்படைக்கிறோம். மன்றப் பதிவுக்கு அவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய மாதம் வருவதற்குள் செயற்குழு ஒருமுறை கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.